மண்டபம் கரையில் ஒரு கணினி அறை: மின்செலவைக் குறைத்த விதம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

ராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கரையில், மண்டபத்துக்கு மேற்கே உள்ள மீனவக் கிராமம் ஒன்றில், கடலடிக் கண்காணிப்பைத் தன் பணியாகக் கொண்ட சிறிய அறக்கட்டளை ஒன்று வாடகை வீட்டில் இயங்கி வருகிறது. 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுள் மண்டபம் தொகுதியைச் சேர்ந்தவற்றைச் சுற்றியுள்ள பவளப்பார்களையும் கடற்புல் படுகைகளையும், வனத்துறையின் அனுமதியோடு, முக்குளிப்பவர்கள் காணொளியாகப் பதிவு செய்து கொண்டுவருவார்கள். உயிருள்ள பவளம், வெளுத்த பவளம், பாசி மூடிய பவளம், மணல், கடற்புல் என்று கடலடியைப் பிரித்து அளப்பதை முன்பு மனிதக் கண்களே செய்துவந்தன. ஒரு பருவத்தின் பதிவுகளை முடிக்க அடுத்த பருவமே வந்துவிடும் என்ற நிலையில், படங்களைத் தானே வகைப்படுத்தும் மென்பொருளுக்கு அறக்கட்டளை மாறியது.

அதற்காக வீட்டின் மேற்கு ஓர அறையில், படங்களை வேகமாகக் கணிக்கும் ஜிபியு அட்டைகள் ஒவ்வொன்றிலும் இரண்டு கொண்ட இரண்டு கணினிகள், பன்னிரண்டு ஹார்ட் டிஸ்க் அடங்கிய சேமிப்புப் பெட்டி ஒன்று, 10 கேவிஏ யுபிஎஸ், ஒன்றரை டன் ஏசி இரண்டு, மின்தடைக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர் ஆகியவை நிறுவப்பட்டன. ஓராண்டுக்குள் மின்கட்டணம் படகு வாடகையை எட்டிப் பிடித்தது. கடல் சூடாவதால் பவளம் வெளுப்பதை ஆவணப்படுத்தும் அமைப்பு, அந்த வேலைக்கே இவ்வளவு நிலக்கரி மின்சாரத்தையும் டீசலையும் எரிப்பது முறைதானா என்ற கேள்வியை அறங்காவலர்களில் ஒருவர் கூட்டத்தில் எழுப்பினார். தீர்வாக அவர்கள் மனத்தில் இருந்தது கூரை முழுவதும் சூரியத் தகடுகள் பதிப்பது. அதற்கான மதிப்பீட்டைச் சரிபார்த்துத் தரும்படியே என்னை அழைத்தார்கள்.

உலக அளவில் தரவு மையங்கள் 2024-இல் சுமார் 415 டெராவாட்-மணி, அதாவது 41,500 கோடி யூனிட் மின்சாரத்தைப் பயன்படுத்தின என்றும், இது உலக மின்நுகர்வில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு என்றும், 2030-இல் இரு மடங்கைத் தாண்டக்கூடும் என்றும் பன்னாட்டு ஆற்றல் முகமை மதிப்பிட்டுள்ளது. அந்தக் கணக்கில் இந்த அறை ஒரு துளியும் அல்ல. ஆனால் இங்கே கண்ட வீண்செலவின் காரணங்கள் பெரிய இடங்களிலும் வேறு உருவில் இருப்பவைதாம். சிறிய அறையில் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது என்பதே இதை எழுதக் காரணம்.

அளந்தபோது தெரிந்தவை

தகடுகளின் மதிப்பீட்டைத் தொடுவதற்கு முன், கணினிகள், யுபிஎஸ், ஏசி ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே சப்-மீட்டர் பொருத்தி, மே மாதத்தில் இரண்டு வாரம் பதிவெடுக்கச் சொன்னேன். மே மாதத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுப்பது பெரும்பாலும் கடல்நீர் 30 டிகிரியைத் தாண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில்தான். 2010-இலும் 2016-இலும் பரவலாக வெளுத்தது இந்தப் பருவத்தில்தான். ஆகவே பதிவுகள் குவிவதும், கணினி முழுமூச்சாக ஓடுவதும், அறையின் வெக்கை உச்சத்தில் நிற்பதும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன.

கணிப்பணி மும்முரமாக நடந்த நாளில் மொத்தச் செலவு சுமார் 65 யூனிட். அதில் கணினிகளும் சேமிப்பும் எடுத்தது 30. யுபிஎஸ் தனக்குள் இழந்தது 6. ஏசி எடுத்தது 29. இது யாரையும் வியப்பில் ஆழ்த்தவில்லை. வியப்பு, எந்தக் கணிப்பணியும் நடக்காத ஞாயிற்றுக்கிழமையின் அளவில் இருந்தது: அன்றும் 40 யூனிட். வேலையே இல்லாமல் விழித்திருந்த இரு கணினிகளும், யாரும் திறந்து பார்க்காத பழைய பதிவுகளைச் சுமந்து சுழன்றுகொண்டிருந்த பன்னிரண்டு டிஸ்க்குகளும் சேர்ந்து 13 யூனிட்டுக்கு மேல் எடுத்தன. அவற்றைக் குளிர்விக்க ஏசி 20 யூனிட் எடுத்தது. வாரத்தில் பாதி நாட்கள் இப்படித்தான் கழிந்தன.

ஏசியின் அளவைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருந்தது. அறைக்குள் கருவிகள் வெளியிடும் வெப்பம், யுபிஎஸ் இழப்பையும் சேர்த்து, அந்த ஞாயிறன்று 19 யூனிட் அளவுக்குத்தான் இருந்தது. ஒழுங்காக இயங்கும் ஏசி ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்றும். அப்படியானால் ஆறேழு யூனிட்டில் முடிய வேண்டிய வேலைக்கு இருபது ஏன் ஆனது? மேற்குச் சுவர் பிற்பகல் முழுவதும் வெயிலில் காய்ந்தது. கூரை வெறும் கான்கிரீட் தளம். ஏசியின் வெளிப்பெட்டி கடலைப் பார்த்த சுவரில் மாட்டப்பட்டிருந்ததால், அதன் அலுமினியத் தகடுகளில் உப்பு படிந்து, பாதிக்கு மேல் அரித்துப் பொடிந்திருந்தன. எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு ஈரம். மூடாத கேபிள் துளைகளின் வழியாகவும் ஜன்னல் இடுக்குகளின் வழியாகவும் கடற்காற்று இடைவிடாமல் உள்ளே வந்தது. அதன் நீராவியை நீராக்கி வடிகுழாயில் விடுவதிலேயே ஏசியின் உழைப்பில் பெரும்பங்கு கரைந்தது. வடிகுழாயின் கீழே ஒரு குடத்தை வைத்துப் பார்த்தோம். அது நிறையும் வேகமே அறங்காவலர்களை எனது கணக்குகளைவிட நன்றாக நம்ப வைத்தது.

ஏசி 18 டிகிரியில் வைக்கப்பட்டிருந்தது. கணினி என்றால் குளிர வேண்டும் என்ற எண்ணம் எங்கும் வேரூன்றியிருக்கிறது. தரவு மையக் கருவிகளுக்கு அமெரிக்கக் குளிர்பதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே பரிந்துரைக்கும் காற்று வெப்பம் 18 முதல் 27 டிகிரி வரை. அதில் கீழ் எல்லையையே இவர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கரையில் அது வீண் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. மே மாதத்தில் இங்கே காற்றின் பனிநிலை, அதாவது அதன் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 25 டிகிரிக்கு மேல் நிற்பது சாதாரணம். 18 டிகிரியில் குளிர்ந்து கிடக்கும் பலகைகளின் மீது, மின்தடையின்போது கதவைத் திறந்ததும் நுழையும் வெளிக்காற்று முத்து முத்தாக நீராகப் படியும். அந்த நீரில் உப்பும் கலந்திருக்கும். ஓராண்டில் இரண்டு ஜிபியு அட்டைகள் பச்சை பூத்துப் பழுதானதற்கு வெப்பமே காரணம் என்று எண்ணி, வெப்பநிலையை மேலும் குறைத்திருந்தார்கள்.

யுபிஎஸ், தேவைக்கு மூன்று மடங்கு பெரியது. மிகக் குறைந்த சுமையில் இயங்கும்போது அதன் திறன் சரிந்துவிடும் என்பதை விற்றவர் சொல்லவில்லை.

முன்வைக்கப்பட்ட வழிகளும் விலக்கப்பட்டவையும்

65 யூனிட்டைச் சூரிய ஒளியிலிருந்து எடுக்க, ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் என்ற கணக்கில், 16 கிலோவாட் தகடுகள் தேவை. கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி என்றால் 1,600 சதுர அடி. வீட்டின் தளமே 900 சதுர அடிதான். இரவுச் சுமைக்கு பேட்டரி வேறு. அந்த மதிப்பீடு அங்கேயே நின்றது.

அப்போது ஒருவர், கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 முதல் இயங்குகிறது, நம் மாவட்டத்து மின்சாரம் ஏற்கெனவே தூய்மையானதுதானே என்று வாதிட்டார். பலரும் நம்பும் வாதம் இது என்பதால் பதிலைப் பதிவு செய்கிறேன். கமுதியில் உற்பத்தியாகும் மின்சாரம் மாநிலத் தொகுப்பில் கலக்கிறது. அருகில் இருப்பதால் நம் மீட்டருக்கு அது தனியாக வந்து சேர்வதில்லை. சூரியன் மறைந்தபின் இந்த அறையின் ஏசியை ஓட்டுவதில் அனல்மின் நிலையங்களுக்கே பெரும்பங்கு. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாவதாக மத்திய மின்சார ஆணையத்தின் அண்மைக் கணக்குகள் காட்டுகின்றன. நாளொன்றுக்குச் சராசரி 50 யூனிட் என்று வைத்தாலே, இந்த ஓர் அறையின் ஆண்டுப் பங்கு பன்னிரண்டு டன்னைத் தாண்டும். ஜெனரேட்டர் இதைவிட மோசம். ஒரு லிட்டர் டீசல் 2.7 கிலோ அளவுக்குக் கரியமில வாயுவை வெளியிடும். குறைந்த சுமையில் ஓடும் சிறிய ஜெனரேட்டர் அந்த லிட்டருக்கு இரண்டு யூனிட் தந்தாலே பெரிது.

ஏசிக்குப் பதில், நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கும் ஏர் கூலர் வைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்த இடத்தில் அது சில டிகிரிக்கு மேல் குளிர்விக்காது. மேலும் அதற்கு நல்ல நீர் வேண்டும். குடிநீரே காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயையும் தண்ணீர் வண்டியையும் நம்பி இருக்கும் ஊரில், பெண்கள் குடம் வைத்துக் காத்திருக்கும்போது கணினிக்கு நீர் வார்ப்பதை எந்த அறமும் ஏற்காது. கடல்நீரை இறைத்துக் குளிர்வித்துத் திரும்ப விடுவது தொழில்நுட்பப்படி இயலும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளுக்கு அருகே 2018 முதல் 2020 வரை ஒரு தரவு மையத்தையே கடலடியில் வைத்துச் சோதித்தது. ஆனால் அது குளிர்ந்த வடகடல். இங்கே கோடையில் 30 டிகிரியைத் தொடும், ஆழம் குறைந்த, கடற்புல் மண்டிய கரைநீரில் மேலும் வெந்நீரைக் கலப்பது, அதுவும் தேசியப் பூங்காவின் அருகே, பேசவே தகாதது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளைப் புரட்டும் தேவை எழாமலே அதைக் கைவிட்டோம்.

புதிய, திறன் மிகுந்த ஜிபியு அட்டைகள் வாங்கும் யோசனையை அறங்காவலர்களே மறுத்தார்கள். பழுதான பலகைகள் ஏற்கெனவே ஓர் அட்டைப் பெட்டியில் கிடந்தன. மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் அவற்றைச் சேர்ப்பதே அந்த ஊரிலிருந்து பெரும்பாடாக இருந்தது.

எடுக்கப்பட்ட முடிவுகள்

முதல் முடிவு, எதைக் கணிக்க வேண்டும் என்பது பற்றியது. பதிவுகள் நொடிக்கு 30 படங்கள் கொண்டவை. ஒரு மணி நேரக் காணொளியில் 1,08,000 படங்கள். அத்தனையையும் மென்பொருள் ஒவ்வொன்றாகப் பார்த்து வகைப்படுத்திக்கொண்டிருந்தது. அளவெடுப்பின்போது உடனிருந்த நாட்டுப்படகு ஓட்டுநர், கணினியைப் பார்த்துக்கொண்ட இளைஞரிடம், “பவளப்பார் எங்க ஓடிப்போகப் போகுது தம்பி, அதைப் போய் நொடிக்கு முப்பது தடவை பாக்கணுமா?” என்று கேட்டார். எனது அறிக்கையில் பின்னர் நான் எழுதியது இதன் விரிவுரைதான். முக்குளிப்பவர் மெதுவாக நகர்வதால் ஒரே பவளம் நூற்றுக்கணக்கான படங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டு நொடிக்கு ஒரு படம் என்று எடுத்தால் மணிக்கு 1,800 படங்கள் போதும். வேலை அறுபதில் ஒரு பங்காகிறது. முந்தைய பருவத்தின் பதிவுகளில் இரு முறையிலும் கணித்து ஒப்பிட்டபோது, உயிருள்ள பவளப் பரப்பின் அளவில் அவர்கள் பொருட்படுத்தும் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. அறுபதில் ஒரு பங்கு வேலைக்கு மின்செலவும் அதே அளவு குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். படங்களைக் காணொளியிலிருந்து பிரித்தெடுப்பதற்கும், ஒவ்வொன்றையும் முன்னைவிடக் கூர்மையாக ஆராய்வதற்கும் நேரம் போயிற்று.

இரண்டாவது, வேலை இல்லாத நேரத்தில் கணினிகள் உறங்க வேண்டும். பணி வரிசையில் ஏதேனும் சேர்ந்தால் மட்டும் வலையமைப்பின் வழியாக எழுப்பும் வசதி அவற்றில் முன்பே இருந்தது; யாரும் இயக்கவில்லை. நடப்புப் பருவத்தின் பதிவுகள் மட்டும் சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பில் இருக்கும். பழையவை இரு படிகளாக எடுக்கப்பட்டு, மின்சாரம் தேவைப்படாத டிஸ்க்குகளில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா போட்ட பெட்டிகளில், ஒன்று இங்கும் ஒன்று மதுரையிலும் வைக்கப்படும். ஜிபியு அட்டைகளின் மின் உச்சவரம்பை நான்கில் மூன்றாகக் குறைத்தோம். வேகம் சிறிதளவே குறைந்தது, வெப்பம் நன்றாகவே குறைந்தது.

மூன்றாவது அறை. மேற்கு அறையைக் கைவிட்டு, வீட்டின் நடுவே ஜன்னல் இல்லாத சாமான் அறைக்குக் கருவிகள் மாறின. துளைகள் அடைக்கப்பட்டன; கூரைத் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசப்பட்டது. ஒரே ஒரு இன்வெர்ட்டர் ஏசி, வெளிப்பெட்டி கடலுக்கு மறுபுறம், மாதம் ஒருமுறை நல்ல நீரால் கழுவுதல், வெப்பநிலை 27 டிகிரி. யுபிஎஸ் 3 கேவிஏ ஆயிற்று.

இவை முடிந்தபிறகே சூரியத் தகடு. 5 கிலோவாட் போதும் என்று ஆனது. உப்புப் பனிச் சோதனையான ஐஇசி 61701 சான்று பெற்ற தகடுகளும், துத்தநாகம் தோய்த்த தாங்கிகளும் கேட்டு வாங்கப்பட்டன. கணிப்பணி முற்பகல் 10 முதல் பிற்பகல் 3 வரை மட்டுமே ஓடும் என்று பணி வரிசையில் கட்டுப்பாடு வைக்கப்பட்டது. பவளம் ஓரிரவு காத்திருக்கும் என்பதால் இந்த வேலைக்கு அவசரம் இல்லை. இணையதளம் நடத்துவோருக்கு இந்த வசதி கிடையாது.

மென்பொருளுக்குப் புதிதாகப் பயிற்சி அளிப்பது ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கனமான வேலை. அதைச் சென்னையில் உள்ள ஒரு கணினி மையத்துக்கு அனுப்ப முடிவானது. சுமையை வேறு ஊருக்குத் தள்ளிவிடுவதுதானே இது என்ற ஆட்சேபம் நியாயமானது. அங்கும் இதே தென்னக மின்தொகுப்புதான். ஆனால் அதே வேலைக்கு அங்கே குளிர்விப்புச் செலவு பாதிக்கும் கீழே. எப்போது ஓட்டுவது என்பதையும் நாம் தேர்ந்துகொள்ளலாம்: தமிழ்நாட்டின் 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலைகள் உச்சத்தில் சுழலும், கரையில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் ஆடி மாதத்தைத் தேர்ந்தார்கள். காணொளி முழுவதையும் அனுப்புவதாக இருந்தால் இது இயன்றிருக்காது. மணிக்கு 45 ஜிபி வரும் பதிவை இங்குள்ள 20 எம்பிபிஎஸ் இணைப்பில் ஏற்ற ஐந்து மணி நேரம் ஆகும். தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும் என்றானபின் அது சிறிய வேலை.

விளைவு

அடுத்த மே மாதத்தில் அதே சப்-மீட்டர்களில், கணிப்பணி நடந்த நாளில் சுமார் 19 யூனிட்டும், நடக்காத நாளில் சுமார் 10 யூனிட்டும் பதிவாயின. 19-இல் பெரும்பகுதி பகல் வெயிலில் கிடைத்தது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் கணினிகள் உறங்கின, ஜெனரேட்டர் விற்கப்பட்டது. பலகைகள் பச்சை பூப்பதும் அந்த ஆண்டு நிகழவில்லை.

தரவு மையத் துறை தன்னை அளந்துகொள்ளும் முதன்மை அளவுகோல், மொத்த மின்சாரத்தைக் கணினிகள் எடுத்த மின்சாரத்தால் வகுத்து வரும் விகிதம். பெரிய மையங்களில் உலகச் சராசரி ஒன்றரையை ஒட்டியும், மிகச் சிறந்தவற்றில் 1.1 அளவிலும் இருக்கிறது. இந்த அறையில் மாற்றத்துக்கு முன் அது 65-க்கு 30, அதாவது 2.2. மாற்றத்துக்குப் பின் 19-க்கு 9, அதாவது 2.1. விகிதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இங்கே ஒன்றுமே நடக்கவில்லை. செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்கிறது. ஆனால் மேலே இருந்த எண்ணும் கீழே இருந்த எண்ணும் சேர்ந்தே சுருங்கியதால் விகிதம் அசையவில்லை. தேவையற்ற கணிப்பைப் பத்து மடங்கு கூட்டி, குளிர்விப்பைச் சற்றுச் செம்மைப்படுத்தியிருந்தால் விகிதம் அழகாகக் குறைந்திருக்கும். பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் இந்த விகிதத்தைக் காணும்போதெல்லாம் மொத்த யூனிட் எவ்வளவு என்று தேடிப் பார்ப்பது என் பழக்கமாகிவிட்டது.

குறைவு அப்படியே நிலைக்கவும் இல்லை. அறையில் திறன் மிச்சமிருப்பதை அறிந்த வேறு இரண்டு குழுக்கள் தங்கள் பதிவுகளையும் கொண்டுவந்தன. ஒன்று கடலடி ஒலிப் பதிவு, இடைவிடாமல் ஓடுவது. ஆண்டு முடிவதற்குள் நாளொன்றுக்கு 30 யூனிட்டை நெருங்கியது. அறங்காவலர்கள் வேலையை மறுக்கவில்லை. மாதத்துக்கு 600 யூனிட் என்று ஒரு வரம்பு வைத்து, அதற்குள் வரிசை ஒதுக்கினார்கள். எந்தக் கேள்விக்கு விடை தேடிக் கணிக்கப்படுகிறது என்பதை ஒரு வரியில் எழுதித் தராத பணி வரிசையில் சேராது. ஒலிப் பதிவுக் குழு முதலில் முணுமுணுத்தது. பின்னர் படகு இயந்திர ஓசை மட்டுமே நிறைந்த மணிநேரங்களை எளிய வடிகட்டி ஒன்றால் முன்கூட்டியே நீக்கிவிட்டு வந்தது.

மாற்ற வேண்டியவை

இரண்டு நொடிக்கு ஒரு படம் என்பது பவளத்துக்குச் சரி, மீனுக்குச் சரியல்ல. பவளப்பாரைச் சுற்றும் மீன்களை எண்ணும் பணி ஒன்று வந்தபோது, குறைத்தெடுத்த படங்களில் வேகமாகக் கடக்கும் மீன்கள் விடுபட்டன. மூலப் பதிவுகள் டிஸ்க்கில் இருந்ததால் இழப்பு இல்லை. ஆனால் அவற்றைத் தேடியெடுக்க நாட்கள் ஆயின. குறைப்பு விதி ஆய்வுப் பொருளுக்கு ஏற்ப எழுதப்பட வேண்டும் என்பது இப்போது பணி வரிசையின் படிவத்திலேயே சேர்க்கப்பட்டுள்ளது. எந்தப் பெட்டியில் எந்தத் தீவு, எந்த நாள் என்ற பட்டியலும் தொடக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

வாடைக்காலத்து மூடிய வானத்தில் தகடுகள் தரும் மின்சாரம் பாதியாகக் குறையும் நாட்கள் உண்டு. அப்போது பகல் நேரக் கட்டுப்பாட்டினால் பயன் இல்லை; பணியைத் தள்ளிவைப்பதா, தொகுப்பு மின்சாரத்தில் ஓட்டுவதா என்பதை அந்தந்த வாரம் தீர்மானிக்கிறார்கள். வீட்டு உரிமையாளருடனான ஒப்பந்தத்தில் தகடுகள் யாருக்குச் சேரும் என்பதும் முன்கூட்டியே எழுதப்படவில்லை, பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கடினமான கேள்வி, வெளுப்பு பெரிதாக வரும் ஆண்டில் 600 யூனிட் வரம்பு என்னவாகும் என்பது. அப்போது காத்திருக்க முடியாது. எந்தத் தீவில் எவ்வளவு வெளுத்தது என்ற விவரம் அந்த வாரமே வனத்துறைக்குத் தேவைப்படும். இரண்டு அறங்காவலர்கள் கையெழுத்திட்டால் அந்த மாதத்துக்கு மட்டும் வரம்பு தளரும் என்றும், கூடுதலாகச் செலவான யூனிட் அடுத்த ஆறு மாதங்களின் வரம்பிலிருந்து பிடித்தம் செய்யப்படும் என்றும் விதி எழுதப்பட்டிருக்கிறது. அது இன்னும் ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படவில்லை.